ஐரோப்பாவில் முதுநிலைப் படிப்புக்கு ஸ்காலர்ஷிப்: தேடுவதிலிருந்து கையில் வாங்குவது வரை

ஐரோப்பாவில் முதுநிலை படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "ஃபுல்லி ஃபண்டட் ஸ்காலர்ஷிப்" என்று கூகுளில் தட்டி, வருகிற பட்டியல்களை மேலிருந்து கீழ்வரை படிப்பதில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியல்களில் பல திட்டங்கள் நம் நாட்டுக்குப் பொருந்தாது. பலவற்றின் கடைசித் தேதி போயிருக்கும். பொருந்துகிற சிலவற்றுக்கும் முதலில் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் படிப்பு, அதன்பின் அந்தப் படிப்போடு ஒட்டியிருக்கும் பணம். ஐரோப்பாவில் உதவித்தொகை பொதுவெளியில் தனியாகக் கிடப்பதில்லை. அது ஒரு குறிப்பிட்ட படிப்போடு வரும், அல்லது ஒரு பல்கலைக்கழகத்தோடு, ஒரு நாட்டு அரசோடு, இத்தாலியில் என்றால் ஒரு மாநிலத்தோடு வரும். நீங்கள் எந்தப் படிப்புக்கு, எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பது தீர்மானமானால்தான் யாரிடம் பணம் கேட்பது என்பதும் தீர்மானமாகும்.

முதலில் செலவுக் கணக்கு

ஒரே படிப்புக்கு நாட்டுக்கு நாடு செலவு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு சிறு தொகை மட்டும் கட்ட வேண்டியிருக்கும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் செமஸ்டருக்கு 4000 முதல் 6000 யூரோ வரை கட்டணம் வைத்திருக்கிறது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு "ஜெர்மனி முழுக்க இலவசம்" என்று திட்டமிடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நார்வேயும் 2023 இலையுதிர்காலத்திலிருந்து நம்மைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. நெதர்லாந்து, ஸ்வீடன் இரண்டிலும் கட்டணமே பெரிய சுமை.

இதனால் ஒரே ஸ்காலர்ஷிப் தொகை ஓரிடத்தில் போதும், இன்னோரிடத்தில் போதவே போதாது. நெதர்லாந்தின் என்எல் ஸ்காலர்ஷிப் முதல் ஆண்டில் ஒரே ஒரு முறை 5000 யூரோ தருகிறது. அங்கே முதுநிலைக் கட்டணம் ஆண்டுக்கு 15,000 யூரோவுக்கு மேல் போவது சாதாரணம். ஆக, ஸ்காலர்ஷிப் கிடைத்த பிறகும் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போடவேண்டும். எந்த ஸ்காலர்ஷிப்பும் வாங்காமல், கட்டணமில்லாத ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் இவரைவிட நல்ல நிலையில் இருப்பார். "ஸ்காலர்ஷிப் கிடைத்தது" என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். கட்டணம், வாடகை, சாப்பாடு, காப்பீடு, விமானம் எல்லாவற்றையும் கூட்டி, உதவித்தொகையைக் கழித்து, மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பணம் எங்கெங்கே இருக்கிறது

எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளிலிருந்து தொடங்கலாம். 2004 முதல் நடக்கும் இந்தத் திட்டத்துக்குப் பணம் போடுவது ஐரோப்பிய ஒன்றியம். சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு படிப்பை நடத்தும். மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பார். ஸ்காலர்ஷிப் கிடைத்தவர் கல்விக் கட்டணமும் காப்பீட்டுப் பணமும் கட்ட வேண்டியதில்லை. மாதம் 1400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு. மொத்தம் 33,600 யூரோ. விமானம், விசா, ஊர் மாறும் செலவு எல்லாவற்றையும் இதற்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தனிப் பயணப்படி கிடையாது. இரண்டு மூன்று நாடுகளுக்கு மூட்டை கட்டுவதால் வாடகை முன்பணம் இரண்டு மூன்று முறை போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எராஸ்மஸ் என்ற ஒற்றை அலுவலகத்துக்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் தளத்தில் படிப்புகளின் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் உங்களுக்குப் பொருந்தும் படிப்பைப் பிடித்து, அந்தப் படிப்பின் சொந்தத் தளத்தில் நேராக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு செய்வது அந்தப் படிப்பைச் சேர்ந்து நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் ஊரக வளர்ச்சிப் படிப்பு, டென்மார்க்கின் ஆர்ஹஸ் நடத்தும் இதழியல் படிப்பு என்று பொறியியலுக்கு வெளியேயும் நிறைய உண்டு. கலை, சமூகவியல், சட்டம் படித்தவர்கள் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

ஒரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு படிப்பு தரும் மொத்த ஸ்காலர்ஷிப்களில் ஒரே நாட்டவருக்குப் போவது பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவிலிருந்து விண்ணப்பங்கள் ஏராளம். அப்படியென்றால் இந்திய மாணவருக்குப் போட்டி உலகத்தோடு என்பதைவிட மற்ற இந்தியர்களோடுதான். கணினி, டேட்டா சயின்ஸ் போன்ற கூட்டம் மொய்க்கும் படிப்புகளைவிட, உங்கள் பின்னணி அச்சாகப் பொருந்துகிற, அதிகம் பேர் தேடாத படிப்பில் வாய்ப்பு கூடுதல். அதே காரணத்தால் இலங்கை மாணவர்களுக்கு இந்தத் திட்டம் கூடுதலாகவே கைகொடுக்கும்.

வேலை அனுபவம் உள்ளவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி நடத்தும் ஈபிஓஎஸ் ஸ்காலர்ஷிப் திட்டம். வளரும் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு, வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கு மட்டும். துறை சார்ந்த இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. டோர்ட்மண்டில் வட்டாரத் திட்டமிடல், ஓல்டன்பர்க்கில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று ஒரு குறுகிய பட்டியல்தான். ஆண்டுதோறும் டிஏஏடி அதை வெளியிடும். பெரும்பாலும் விண்ணப்பத்தை டிஏஏடிக்கு அனுப்பக் கூடாது, அந்தப் படிப்பை நடத்தும் துறைக்கு அனுப்ப வேண்டும். கடைசித் தேதியும் படிப்புக்குப் படிப்பு மாறும். பல தேதிகள் வகுப்பு தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே, ஆகஸ்டு முதல் அக்டோபருக்குள் வந்துவிடும். பொதுப்பணித் துறையிலோ, ஒரு தொண்டு நிறுவனத்திலோ, சோலார் கம்பெனியிலோ மூன்று ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு இது அருமையான வாய்ப்பு. கல்லூரி முடித்தவுடனே போக நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது.

அவர்களுக்கு ஜெர்மனியில் வேறு வழி. கட்டணமில்லாத படிப்பில் சேர்ந்துவிட்டு, உள்ளே போன பிறகு பணம் தேடுவது. டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம் எந்த நாட்டவருக்கும் மாதம் 300 யூரோ தருகிறது. பாதி மத்திய அரசு, பாதி தனியார் நன்கொடையாளர். விண்ணப்பம் உங்கள் பல்கலைக்கழகத்திடமே. பேராசிரியரிடம் 'ஹிவி' என்று சொல்லப்படும் மாணவ உதவியாளர் வேலையும் பார்க்கலாம். ஹைன்ரிக் போல், ஃபிரிட்ரிக் ஏபர்ட், கொன்ராட் அடினாவர் போன்ற அரசியல் கட்சிகளுக்கு நெருக்கமான அறக்கட்டளைகளும் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தாராளமாக உதவுகின்றன. ஆனால் ஜெர்மன் மொழியும் சமூகப் பணியில் உண்மையான ஈடுபாடும் வேண்டும். ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மனை மட்டும் முடித்துவிட்டு அங்கே போய் நிற்க முடியாது.

இத்தாலி: வருமானம் பார்த்துத் தரும் பணம்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊரில் நடுத்தர, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடத் திறந்த கதவு ஐரோப்பாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தாலியில் மாநிலங்கள் நடத்தும் டிஎஸ்யூ என்ற உதவித்தொகை, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துத் தரப்படுவது. முதல் ஆண்டு மாணவருக்கு மதிப்பெண் போட்டி பெரும்பாலும் இல்லை. அட்மிஷன் இருந்து, வருமானம் வரம்புக்குள் இருந்தால் போதும். வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிப்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 7000 யூரோ, கல்விக் கட்டண விலக்கு, பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பாடு, இடம் இருந்தால் விடுதி. விடுதியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டால் ரொக்கம் அதற்கேற்பக் குறையும். போலோன்யா பகுதிக்கு எர்கோ, டுரினுக்கு எடிசு, ரோமுக்கு லாட்சியோடிஸ்கோ என்று மாநிலத்துக்கு ஒரு அமைப்பு. தேதிகள் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் மாறி மாறி வரும். விடுதிக்கான தேதி பல இடங்களில் ஸ்காலர்ஷிப் தேதிக்கும் முன்னால் முடிந்துவிடும்.

சிக்கல் காகிதத்தில்தான். வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு 'ஐஎஸ்ஈஈ பாரிஃபிகாத்தோ' என்ற குடும்பப் பொருளாதாரக் கணக்கைப் போட்டு வாங்க வேண்டும். இத்தாலியில் சிஏஎஃப் எனப்படும் வரி உதவி மையங்கள் அதைப் போட்டுத் தரும். அவர்கள் கேட்பது நான்கு விஷயம்: குடும்பத்தில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன வருமானம், சொந்த வீடு எத்தனை சதுர மீட்டர், வங்கியில் டிசம்பர் 31 அன்று எவ்வளவு இருந்தது. வருமானம் கேட்பது பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு முந்தையது. 2025-26 கல்வியாண்டு என்றால் 2023-இன் வருமானம். தாசில்தார் அலுவலகத்தில் இப்போது வாங்கிய வருமானச் சான்றிதழில் ஆண்டு குறிப்பிடவில்லை என்றால் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த ஆண்டின் வருமானம் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். அப்பா, அம்மா, வேலை பார்க்கும் அண்ணன் என்று தனித்தனியாக.

வீட்டுக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். வெளிநாட்டில் உள்ள வீட்டைச் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று மதிப்பிடுவது அவர்கள் வழக்கம். 800 சதுர அடி வீடு என்றால் சுமார் 74 சதுர மீட்டர், மதிப்பு 37,000 யூரோ. சொத்து மதிப்பில் ஒரு பங்கைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் சதுர அடியைச் சதுர மீட்டராக மாற்றாமல் 800 என்றே எழுதிக் கொடுத்தால் ஓட்டு வீடும் அரண்மனையாகிவிடும். எல்லாப் பத்திரங்களும் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை பெற்று, இத்தாலிய மொழியில் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு ஏப்ரலிலேயே ஆரம்பியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பணம் தவணையாக வரும். முதல் தவணை கைக்கு வர டிசம்பர் ஆகிவிடும். செப்டம்பரிலிருந்து அதுவரைக்கான வாடகையும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. அடுத்து, முதல் ஆண்டில் குறிப்பிட்ட அளவு கிரெடிட் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டாம் தவணை நிற்கும், வாங்கியதையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நிதி தீர்ந்துபோய், தகுதி இருந்தும் ரொக்கம் கிடைக்காமல் போகிற ஆண்டுகளும் உண்டு. அப்படி ஆனாலும் கட்டண விலக்கு இருக்கும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

பிரான்ஸின் ஐஃபல் ஸ்காலர்ஷிப் பெரியது, ஆனால் மாணவர் நேராக விண்ணப்பிக்க முடியாது. நீங்கள் சேர விரும்பும் பிரெஞ்சுக் கல்வி நிறுவனம்தான் உங்கள் பெயரை அனுப்ப வேண்டும். அதற்கான கடைசித் தேதி ஜனவரி முதல் வாரங்களில் வரும். நிறுவனங்கள் தங்களுக்குள் வைக்கும் தேதி அதற்கும் முன்னால். ஆகவே அக்டோபர், நவம்பரிலேயே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி "என்னை ஐஃபலுக்கு முன்மொழிவீர்களா, அதற்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுவிட வேண்டும். முதுநிலைக்கு வயது வரம்பு 25. இந்திய மாணவர்களுக்கு பிரெஞ்சுத் தூதரகம் தரும் ஷார்பாக் ஸ்காலர்ஷிப் தனி. இயற்பியலில் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஷார்பாக் பெயரில் உள்ளது. பிரான்ஸில் படிக்க வழிகாட்டும் கேம்பஸ் பிரான்ஸ் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம்.

ஸ்வீடனில் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே பொதுத் தளம். ஜனவரி நடுவில் முடியும், 900 குரோனர் கட்டணம், நான்கு முதுநிலைப் படிப்புகள் வரை போடலாம். ஸ்காலர்ஷிப்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தை மட்டும் குறைக்கும். ஸ்டாக்ஹோமின் கேடிஎச் போன்ற பல்கலைக்கழகங்கள், தங்கள் படிப்பை முதல் விருப்பமாக வைத்தவரை மட்டுமே ஸ்காலர்ஷிப்புக்குப் பரிசீலிக்கும். விருப்ப வரிசையை ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள். ஸ்வீடிஷ் இன்ஸ்டிடியூட் தரும் முழு உதவித்தொகைக்கு நாட்டுப் பட்டியல் ஒவ்வோராண்டும் மாறுகிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலில் உங்கள் நாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹங்கேரியின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிக்கம் 2013 முதல் நடக்கிறது. இதற்கு ஹங்கேரியின் தளத்திலும் விண்ணப்பிக்க வேண்டும், இந்தியாவில் கல்வி அமைச்சகத்தின் வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது செல்லாது. கட்டணம் இல்லை, விடுதி அல்லது அதற்கான தொகை உண்டு. கைச்செலவுப் பணம் முதுநிலைக்கு மாதம் 43,700 ஃபோரிண்ட், அதாவது நூறு யூரோவுக்குச் சற்று மேல். புடாபெஸ்ட்டில் அதை மட்டும் வைத்து மாதத்தை ஓட்ட முடியாது. வீட்டிலிருந்தும் அனுப்ப வேண்டியிருக்கும்.

அயர்லாந்து அரசு ஆண்டுக்கு 60 பேருக்கு 10,000 யூரோவும் முழுக் கட்டண விலக்கும் தருகிறது. சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகம் தன் எக்ஸலன்ஸ் ஸ்காலர்ஷிப்புக்கு, முதுநிலை ஆய்வுக்கான ஒரு முன்மொழிவையும் சேர்த்துக் கேட்கும். இளநிலையில் வகுப்பின் உச்சியில் இருந்தவர்கள் மட்டும் முயலலாம். பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு 2800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் ஸ்காலர்ஷிப்புக்கோ தனி விண்ணப்பமே இல்லை. டிசம்பர் அல்லது ஜனவரித் தேதிக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தால் தானாகவே பரிசீலிப்பார்கள்; மார்ச்சில் விண்ணப்பித்தால் அந்த வாய்ப்பு போச்சு.

பிஎச்டி தேடுகிறவர்கள் "ஸ்காலர்ஷிப்" என்று தேடுவதையே நிறுத்தலாம். நெதர்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன், டென்மார்க், நார்வேயில் பிஎச்டி பெரும்பாலும் சம்பளம் தரும் வேலை. வேலை விளம்பரமாகத்தான் வரும். யூராக்ஸஸ் என்ற ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்திலும் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்திலும் ஆண்டு முழுவதும் பாருங்கள். மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி ஆய்வு வலையமைப்புகள் நல்ல சம்பளம் தருபவை. அவற்றில் ஒரு நிபந்தனை: வேலை தரும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதுநிலை படித்தவர் அதே கையோடு ஜெர்மனியில் உள்ள இடத்துக்குப் போட முடியாது. பிரான்ஸிலோ ஸ்பெயினிலோ உள்ள இடத்துக்குப் போடலாம்.

நம் பக்கத்திலிருந்து போகும் பணத்தையும் மறக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஐரோப்பாவின் பல திட்டங்களைவிட இது பெரிய தொகை. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பில் 125 இடங்கள். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் உலகத் தரவரிசை முக்கியம். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

பட்டியலைக் குறைப்பது

இதையெல்லாம் படித்ததும் இருபது இடத்துக்கு விண்ணப்பிக்கத் தோன்றும். வேண்டாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஒவ்வொரு படிப்புக்கும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். என் நாடு பட்டியலில் உண்டா? என் பட்டம் அவர்கள் கேட்கும் துறையா? வேலை அனுபவம், வயது, பட்டம் வாங்கிய ஆண்டு பொருந்துகிறதா? ஆங்கிலத் தேர்வில் கேட்கும் மதிப்பெண் எவ்வளவு, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சம் உண்டா? பணம் கழித்து என் கையிலிருந்து போவது எவ்வளவு? ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த வரியை அழித்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு மிஞ்சினால் போதும். ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்ய அவ்வளவுதான் ஒரு மனிதரால் முடியும். எராஸ்மஸ் முண்டுஸில் மூன்று, கட்டணமில்லாத ஜெர்மன் படிப்பு இரண்டு, இத்தாலி இரண்டு என்று கலந்து வைப்பது நல்லது. எல்லாமே கடும் போட்டி உள்ளதாக வைத்தால் ஏப்ரலில் கை வெறுமையாக நிற்கும்.

காலக் கணக்கு

செப்டம்பரில் வகுப்பு என்றால் அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் வேலையைத் தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் படிப்புகளைப் பிடிப்பது. ஆகஸ்டில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு. செப்டம்பரில் பேராசிரியர்களிடம் பேசுவது. எராஸ்மஸ் முண்டுஸ் விண்ணப்பங்கள் அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள், பெரும்பாலானவை டிசம்பர், ஜனவரியில் முடியும். முடிவுகள் மார்ச், ஏப்ரலில் வரும். கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருப்பவர்களும் பல படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். சேர்வதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். அரியர் வைத்திருந்தால் இந்த இடத்தில்தான் உதைக்கும்.

ஜெர்மனி போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து, நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். 18,000 ரூபாய் கட்டணம். கூட்டம் அதிகமான மாதங்களில் தாமதமாகும், முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் சான்றும் சிபாரிசுக் கடிதமும்

ஜெர்மானியர்கள் நம் சிஜிபிஏவை ஒரு சூத்திரத்தில் போட்டு மாற்றுவார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 10-க்கு 8.2 வாங்கியவர், தேர்ச்சி 5 என்றால்: 1.8 வகுத்தல் 5, பெருக்கல் 3, கூட்டல் 1. விடை 2.08. அதே மாணவருக்குத் தேர்ச்சி 4 என்று எடுத்தால் 1.9 வரும். அங்கே எண் குறைவாக இருந்தால்தான் நல்லது. 2.0-க்குள் கேட்கும் படிப்பில் இந்த ஒரு எண்ணால் உள்ளே போகலாம், வெளியே நிற்கலாம். ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி மதிப்பெண் எது என்று மதிப்பெண் பட்டியலிலோ தனிக் கடிதத்திலோ தெளிவாக இருக்கட்டும். பாடத்திட்டத்தையும் பாட வாரியாக, மணி நேரத்தோடு, பிடிஎஃப் ஆக வைத்திருங்கள். "சிவில் படித்தேன்" என்பது அவர்களுக்குப் போதாது, ஹைட்ராலஜி எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள்.

சிபாரிசுக் கடிதத்துக்குத் துறைத் தலைவரைவிட உங்கள் புராஜெக்டைப் பார்த்த ஆசிரியர் மேல். பல தளங்கள் ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சலுக்கே நேராக இணைப்பு அனுப்பும். ஜிமெயில் முகவரியை ஏற்காத இடங்கள் உண்டு. அவரிடம் கல்லூரி முகவரி இருக்கிறதா, அதை அவர் திறந்து பார்க்கிறாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நீங்கள் அவரிடம் என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். "சார், நீங்களே ஏதாவது எழுதிடுங்க" என்று விட்டால் எல்லா மாணவருக்கும் போகும் அதே கடிதம்தான் உங்களுக்கும் போகும்.

மோட்டிவேஷன் லெட்டர்

பல கூட்டமைப்புகள் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று தங்கள் தளத்திலேயே போட்டிருக்கும். படிப்பு, அனுபவம், மோட்டிவேஷன், சிபாரிசு என்று. அதைப் படிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

நீர் மேலாண்மைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்: "சிறு வயதிலிருந்தே எனக்கு நீர் வளத்தில் மிகுந்த ஆர்வம். உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் படிப்பது என் கனவு." இதில் யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். படிக்கிறவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

அதே ஆள் இப்படி எழுதலாம்: "இறுதி ஆண்டு புராஜெக்டில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள பாசனக் கிணறுகளில் கரைந்துள்ள உப்பின் அளவை மழைக்கு முன்னும் பின்னும் அளந்தேன். திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலில் கலந்ததன் மிச்சம் எது, பாறையிலிருந்து இயற்கையாக வருவது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அதற்கு வேண்டிய நிலத்தடி நீர் மாதிரியாக்கம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. உங்கள் இரண்டாம் செமஸ்டரில் அது இருக்கிறது." என்ன செய்தேன், எங்கே முட்டி நின்றேன், உங்களிடம் எது இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் கடிதம் நிற்கும். திரும்பி வந்து என்ன செய்வேன் என்பதையும் ஈபிஓஎஸ், செவனிங், பிரிட்டனின் இன்னொரு ஸ்காலர்ஷிப்பான காமன்வெல்த் மூன்றிலும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். "நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்று முடிக்காமல் எந்தத் துறையில், எந்த மாதிரி வேலையில் என்று எழுதுங்கள்.

குடும்பச் சூழலை எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்பது உங்கள் படிப்பின் பாதையை விளக்குமானால் தாராளமாக எழுதுங்கள், ஒரு வாக்கியத்தில். இரக்கம் கேட்கும் தொனி மட்டும் வேண்டாம்.

கன்சல்டன்சிகள் விஷயத்தில் கவனம். பல நிறுவனங்கள் மாணவரைச் சேர்த்துவிட்டதற்குக் கமிஷன் வாங்குவது பெரும்பாலும் தனியார் கல்வி நிறுவனங்களிடமிருந்து. அதனால் அந்தப் பக்கமே உங்களைத் தள்ளுவார்கள். "ஸ்காலர்ஷிப் உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பல்கலைக்கழகமே வாங்கும் விண்ணப்பக் கட்டணம், ஏபிஎஸ் கட்டணம் போன்றவை அதிகாரப்பூர்வத் தளத்தில் வெளிப்படையாக இருக்கும்.

முடிவு வந்த பிறகு

ரிசர்வ் பட்டியலில் பெயர் வந்தால் மனம் தளர வேண்டாம். எராஸ்மஸ் முண்டுஸில் ஒருவரே இரண்டு மூன்று படிப்புகளில் தேர்வாகி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். மற்ற இடங்கள் ரிசர்வ் பட்டியலுக்கு இறங்கி வரும், சில சமயம் ஜூன் வரைகூட. இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்று ஒரு சிறு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். தேர்வானவர்களுக்கு ஒப்புதல் சொல்ல சில நாட்களே தருவார்கள், ஸ்பாம் பெட்டியையும் தினம் பாருங்கள்.

ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஜெர்மனி போகிறவர் விசாவுக்காக, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை. முழு உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அதுவே போதும். பகுதித் தொகை என்றால் மிச்சத்தை மட்டும் காட்டினால் போதுமா என்று தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழு ஸ்காலர்ஷிப் என்றாலும் முதல் மாதப் பணம் உடனே வராது. உள்ளூர் வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், அதற்கு முகவரிப் பதிவு வேண்டும், பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்கு இரண்டு மூன்று மாத வாடகை முன்பணம் கேட்பார்கள். குறைந்தது இரண்டு மாதச் செலவும் அந்த முன்பணமும் கையில் இருக்கும்படி ஊரிலேயே ஏற்பாடு செய்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.